மாதாவைச் சுற்றி அடித்த வெள்ளை

என் கடையைப் பறித்தவன் அரிவாள் எடுத்துக்கொண்டு வரவில்லை. அடியாள் அனுப்பவில்லை. பங்குச் சாமியாரையும் ஒரு செம்புத் தீர்த்தத்தையும் கூட்டிக்கொண்டு வந்தான். இப்போது நினைத்தாலும் எனக்குக் காது சூடாகிறது.

முகத்துக்கு நேரே அவனை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டேன். எழுதும்போது அவன் இவன் என்றுதான் வருகிறது. கோபத்துக்கு எங்கே மரியாதை தெரியும்?

கடை திரேஸ்புரத்தில், வள்ளங்கள் கரையேறும் இடத்துக்கு நேர் எதிரே. ரோட்டைத் தாண்டினால் என் ஷட்டர். வலை, நைலான் கயிறு, மிதவை, ஈயக்குண்டு, தூண்டில் முள், டார்ச் லைட், பேட்டரி, மழைக்கோட்டு என்று கடலுக்குப் போகிறவனுக்கு வேண்டிய அத்தனையும் வைத்திருப்பேன். என் வீட்டுக்காரருக்குச் சரக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி நாள் தண்ணீரில் இருப்பார். அதனால் கடை ஆரம்பித்ததிலிருந்து முழுக்க என் கையில்தான்.

வள்ளத்திலிருந்து இறங்கி இடுப்புச் சாரத்தைப் பிழிந்துகொண்டே வருவார்கள். அறுந்த கயிற்றைத் தூக்கிக் காட்டி, "எக்கா, இதே மாதிரி தாங்க" என்று நிற்பார்கள். தரையெல்லாம் ஈரமாகும். நான் திட்டுவேன், அவர்கள் சிரிப்பார்கள். இதே கடையை இரண்டு தெரு உள்ளே தள்ளி வைத்தால் ஒருவனும் வர மாட்டான். ஈரக்காலோடு எவன் அவ்வளவு தூரம் நடப்பான்? அந்த இடம் போனால் வியாபாரம் போச்சு. இது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

உள்ளே கல்லாவுக்கு மேலே மாதா படம். கடை திறந்த அன்றைக்கு மாட்டியது. உப்புக்காற்றில் ஆணி துருப்பிடித்து இரண்டு தடவை படம் சரிந்துவிட்டது. மூன்றாவது தடவை, விற்பனைக்கு வைத்திருந்த நீலக் கயிற்றில் ஒரு முழம் வெட்டி, கம்பியில் கோத்து நானே கட்டினேன். கீழே ஒரு சிவப்பு பல்பு. பேட்டரி வாங்க வருகிறவன் அந்தப் படத்தைப் பார்த்து நெற்றியில் கை வைத்துவிட்டுத்தான் கடலுக்குப் போவான். சிலபேர் ஒன்றும் வாங்காமல் அதற்காகவே எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

கட்டடம் எனக்குச் சொந்தமில்லை. சொந்தக்காரர் வயதான மனிதர், நல்ல மாதிரிதான். என் பிள்ளைகள் கோவிலில் புதுநன்மை வாங்கிய அன்று வீட்டுக்கு வந்து பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர். பல வருஷம் வாய்ப்பேச்சிலேயே வாடகைக்கு இருந்தேன். பிறகு அவருக்கு பேங்கில் ஏதோ தேவைப்பட்டது. "வாளா, ஒரு ஒப்பந்தம் எழுதி ரிஜிஸ்டர் பண்ணிக்கிடுவோம்" என்று கூட்டிக்கொண்டு போனார். அவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். எத்தனை வருஷத்துக்கு என்றுகூட அன்றைக்கு நான் கவனமாகக் கேட்கவில்லை.

கட்டடம் விற்றுப்போன செய்தியை அவர் எனக்குச் சொல்லவில்லை. ஒரு டேப்பு சொன்னது. இரண்டு பேர் வந்து, நான் கயிறு அளந்துகொண்டிருக்கும்போதே, என் கல்லாவுக்கு முன்னால் டேப்பைப் பிடித்துச் சுவரை அளந்தார்கள்.

"என்னத்தப்பா அளக்கிய?"

"ஓனர் அளந்துட்டு வரச் சொன்னாருக்கா."

"எந்த ஓனரு?"

அவர்கள் டேப்பைச் சுருட்டினார்கள். நான் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு போனை எடுத்தேன். பழைய சொந்தக்காரர் அதற்குள் சென்னையில் மகன் வீட்டுக்குக் குடிபோயிருந்தார்.

"ஆமாளா, வித்துட்டேன். மவன் நெருக்குதான். என்ன செய்ய?"

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி?"

"சொல்லி என்ன ஆவப்போது? நீயா வாங்கப்போற? வாங்கினவரும் நம்ம ஆளுதான். பூசையில முன்வரிசையில நிக்கவரு. ஒன்னய நல்லாப் பாத்துக்கிடுவாரு."

நீயா வாங்கப்போற! அந்தக் கேள்வி இன்றைக்கும் எனக்குள் கிடக்கிறது. வாங்க வக்கில்லாதவளுக்குத் தெரிந்துகொள்ளவும் உரிமையில்லையாம். கூட்டை விற்கிறவன் கோழியிடம் கேட்பானா என்கிற மாதிரி என்னையும் சேர்த்து விற்றிருக்கிறார். தெருவில் சொன்னால் எல்லோரும் ஒரே பாட்டுத்தான் பாடினார்கள். "வித்தாச்சுன்னா போவத்தான வேணும்?" பக்கத்து டீக்கடை, எதிர்த்த ஐஸ் வண்டிக்காரர், என் சொந்த நாத்தனார் வரைக்கும் அதே பேச்சு. சட்டப் புத்தகத்தை ஆளுக்கு ஒரு பக்கமாகக் கிழித்து மடியில் வைத்திருப்பவர்கள்போல அத்தனை பேருக்கும் அத்தனை உறுதி.

வாங்கினவன் ஊரில் ஐஸ் கம்பெனி வைத்திருக்கிறவன். அவன் நேரில் வந்தபோது நான் சண்டைக்கு இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றேன். அவன் சிரித்தான்.

"பயப்படாத தங்கச்சி. ஒப்பந்தம் இருக்கது எனக்குத் தெரியும். அது முடியுற மட்டும் நீ இரு. ஒன்னய யாரு போவச் சொன்னா?"

சண்டை போட வந்தவளிடம் தங்கச்சி என்றால் அவள் என்ன செய்வாள்? டீ வாங்கிக் கொடுத்தேன். மாதா படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டான். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அந்த இடத்தில் லாட்ஜ் கட்ட அவன் வரைபடம் வரைந்து வைத்திருந்தது ஊருக்கே தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

சில மாதம் ஒழுங்காகத்தான் போனது. பங்குனி வெயில் ஏறத் தொடங்கியது. மீன்பிடித் தடைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும் அந்த நாட்களில்தான் வலை பிரிப்பார்கள், கிழிசலைப் பொத்துவார்கள், புதுக்கயிறு மாற்றுவார்கள். ஊருக்குத் தடைக்காலம், என் கடைக்கு அறுவடைக்காலம். சரக்கை இறக்கி வைத்துக் காத்திருந்தேன். அப்போது அவன் மறுபடி வந்தான். முகத்தைத் தொங்கப் போட்டிருந்தான்.

"தங்கச்சி, கட்டடத்த வாங்கினதோட சரி, இன்னும் மந்திரிக்கவே இல்ல பாத்துக்க. வீட்டுல ஒருத்தர் மாத்தி ஒருத்தருக்குச் சீக்கு. சாமிகிட்டச் சொல்லியிருக்கேன், வாரேன்னுருக்காரு. சாமானத்த மட்டும் கொஞ்சம் ஒதுக்கிக் குடு. மந்திரிச்ச கையோட நம்ம செலவுலயே வெள்ளயடிச்சித் தாரேன். பொறவு நீயே வந்து அடுக்கிக்க."

எங்கள் கரையில் மந்திரிக்கணும் என்று வந்தவனுக்கு மாட்டேன் என்று சொல்ல ஆள் கிடையாது. புது வலையை மந்திரிக்காமல் கடலில் இறக்க மாட்டார்கள். புது பைக் வாங்கினால் வீட்டுக்குப் போகுமுன் கோவில் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். வள்ளம், என்ஜின், கிணறு, கைக்குழந்தை எல்லாவற்றுக்கும் தீர்த்தம் தெளித்தாக வேண்டும். ஒரு இடத்தை மந்திரிக்க விடாமல் தடுத்தாள் என்ற பேர் எனக்கு வந்தால், பிறகு கடலில் ஒரு வள்ளம் கவிழ்ந்தாலும் என் தலையில் வந்து விடியும். அவன் இதெல்லாம் தெரிந்தவன். வேறு எதைச் சொல்லிக் கேட்டிருந்தாலும் நான் கடையைக் காலி செய்திருக்க மாட்டேன் என்றும் தெரிந்தவன்.

சரக்கையெல்லாம் தட்டுவண்டியில் ஏற்றி வீட்டு முற்றத்தில் குவித்தேன். அலமாரிகூட வெளியே வந்துவிட்டது. மாதா படத்தை மட்டும் எடுக்கவில்லை. சாமியார் மந்திரிக்க வருகிற இடத்திலிருந்து யாராவது மாதாவைத் தூக்கிக்கொண்டு போவார்களா? பல்பையும் எரியவிட்டு, புதுசாக ஒரு முல்லைச் சரம் போட்டுவிட்டு வந்தேன்.

மந்திரிப்பில் ஒரு முறை உண்டு. கதவைப் பூட்டிச் சாவியைச் சாமியார் கையில் கொடுப்பார்கள். அவர் செபம் சொல்லிப் பூட்டைத் திறந்து முதல் ஆளாக உள்ளே போவார். மூலை மூலையாகத் தீர்த்தம் தெளித்துவிட்டு வெளியே வந்து, சாவியை வீட்டுக்காரர் கையில் கொடுத்து ஆசீர்வதிப்பார். அன்றைக்கும் அப்படித்தான் நடந்தது. தெருவே நின்று பார்க்க என் கையாலேயே ஷட்டரைப் பூட்டி, என் கையாலேயே சாவியைச் சாமியாரிடம் கொடுத்தேன். அவர் திறந்தார், தெளித்தார், வெளியே வந்தார், சுற்றும் பார்த்தார். கட்டடம் யாருடையதோ அவன் கையை நீட்டினான். சாவி அவன் கைக்குப் போனது. அவன் அதைக் கண்ணில் ஒற்றிச் சட்டைப் பைக்குள் போட்டான். நானும் பக்தியாகச் சிலுவை போட்டுக்கொண்டு, அவன் கொடுத்த கேக்கையும் காராச்சேவையும் தின்றுவிட்டு வந்தேன். அந்தக் காராச்சேவை நினைத்தால் எனக்கு என்மேலேயே வெறுப்பாக வரும்.

முதலில் சுவர் காயவில்லை என்றான். அப்புறம் வயரிங் பழசு என்றான். அப்புறம் போன் எடுக்கவில்லை. ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் என் பூட்டு இல்லை. அதைவிடப் பெரிய புதுப் பூட்டு தொங்கியது. அவன் ஐஸ் கம்பெனிக்கே போய் நின்றேன்.

"என்ன தங்கச்சி, நீதான காலி பண்ணிச் சாவியக் குடுத்த? சாமி கையால வாங்கினேன். ஊரே பாத்துச்சே."

"மந்திரிக்கதுக்குல்லா குடுத்தேன்!"

"அப்படியா? எங்கிட்ட அப்படிச் சொல்லலையே" என்றான். சத்தம் போடாமல், பூசைக்கு வந்தவன்போல அவ்வளவு அமைதியாகச் சொன்னான்.

நம்பவைத்துக் கழுத்தை அறுப்பது என்று சொல்வார்கள். இவன் என் கழுத்தை என்னையே நீட்டவைத்து, அதற்கு ஆசீர்வாதமும் வாங்கிக்கொண்டான்.

ஸ்டேஷனுக்குப் போனேன். "நீங்களே சாவியக் குடுத்துட்டு இப்ப வந்து பூட்டிட்டான்னா எப்படிம்மா? இது சிவில் மேட்டரு" என்று அனுப்பிவிட்டார்கள். அங்கேயிருந்து நேரே சாமியாரிடம் போனேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மந்திரிப்புக்காகத்தான் சாவி கொடுத்தாள் என்று அவருக்குத் தெரியாதா? அவர் நாற்காலியில் உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார்.

"கோவில் காரியத்துல கோர்ட்டு கேசு வேண்டாம்மா. ரெண்டு பேரும் நம்ம பங்கு மக்கள். பேசித் தீத்துக்கிடுங்க."

பேசித் தீர்க்கிறவனா பூட்டை மாற்றுவான்? சாமியார் கெட்டவர் இல்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் இரண்டு பக்கமும் நல்லவராக இருக்கப் பார்க்கிற மனிதன் எப்போதும் சாவி வைத்திருக்கிறவன் பக்கம்தான் நிற்கிறான். அந்தத் தண்ணீரைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். கப்பலிலிருந்து வீட்டுக்காரர் பேசினார். "சண்டை போடாதளா, நான் வந்து பாத்துக்கிடுதேன்" என்றார். அவர் கப்பல் அப்போது எந்தக் கடலில் இருந்ததோ. போனை வைத்துவிட்டு ஒரு குடையையும் கயிற்றுச் சுருள்களையும் எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தேன்.

பூட்டிய ஷட்டருக்கு எதிரே, வள்ளம் நிற்கும் பக்கமாக, மணலில் சாக்கு விரித்து உட்கார்ந்தேன். அங்கேயே வியாபாரம் பார்த்தேன். தடைக்காலம் முழுக்க அந்த வெயிலில் இருந்தேன். நூலும் முள்ளும் விற்றது. மூட்டை மூட்டையாகப் போகவேண்டிய வலை வீட்டு முற்றத்தில் கிடந்தது. தூரத்துக் கரைக்காரர்கள், வேம்பார்ப் பக்கத்திலிருந்து வலை வாங்க வருகிறவர்கள், பூட்டைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். சாயங்காலம் காற்று ஏறினால் கண்ணெல்லாம் மணல். எதிரே என் ஷட்டர் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். அழுகை வரவில்லை. பல்லைக் கடித்துக் கடித்துத் தாடைதான் வலித்தது.

ஒருநாள் அவன் கார் நின்றது. கண்ணாடியை இறக்கினான்.

"என்ன தங்கச்சி, இந்த வெயில்ல கெடக்க? ஒடம்பு என்னத்துக்கு ஆவும்?"

ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுததாம். கையில் ஈயக்குண்டு இருந்தது. எறியாமல் இருந்தது மாதா புண்ணியம்.

அந்த வாரமே பெயிண்டர்கள் ஷட்டரைத் தூக்கினார்கள். உள்ளே ஓட எழுந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். சுவரெல்லாம் பளீரென்று வெள்ளை. கல்லா மேடையை இடித்துவிட்டிருந்தான். அலமாரிக்கு அடித்த ஆணிகூட இல்லை. நான் அங்கே இருந்த அடையாளம் எல்லாவற்றையும் துடைத்திருந்தான். அந்த வெள்ளைக்கு நடுவில் ஒரு சதுரம் மட்டும் பழைய பச்சை. அந்தப் பச்சைக்குள் என் மாதா, என் நீலக் கயிற்றில், வாடிச் சருகான என் முல்லைச் சரத்தோடு தொங்கிக்கொண்டிருந்தாள். கீழே சிவப்பு பல்பு.

பெயிண்டர் டீக் குடிக்க வந்தபோது பிடித்துக்கொண்டேன்.

"படத்த ஏன்ப்பா எடுக்கல?"

"நான் எடுக்கட்டுமான்னு கேட்டேன்க்கா. நீயும் தொடாத, நானும் தொட மாட்டேன், சுத்தி அடிச்சிட்டுப் போன்னுட்டாரு."

அங்கேயே நின்று சிரித்தேன். பூட்டு மாற்றிய நாளிலிருந்து அன்றைக்குத்தான் சிரித்தேன். மாதா பேரைச் சொல்லி என்னை ஏமாற்றினவனுக்கு மாதாவைத் தொட்டு இறக்கத் தைரியம் வரவில்லை. அது பக்தியா பயமா, எனக்குத் தெரியாது. இரண்டு கழுதையும் ஒன்றுதான் என்று அன்றைக்குத் தோன்றியது. எப்படியோ, மறுநாள் காலை பஸ் ஏறிக் கோர்ட்டுப் பக்கம் போய் ஒரு வக்கீலைப் பிடித்தேன்.

ஆழ்வார்திருநகரிப் பெண். என்னைவிட வயது குறைவு. நெற்றியில் குங்குமம், மேசையில் புஸ்தகமாக அடுக்கி வைத்திருந்தாள். நான் கத்தி முடிக்கும்வரை பேசாமல் கேட்டாள். ஒப்பந்தத்தைப் படித்தாள்.

"அக்கா, இதுல இன்னும் ரெண்டு வருஷத்துக்கு மேல இருக்கு. கட்டடத்த வித்தா ஒப்பந்தம் செத்துப்போகாது. பழையவரு இருந்த இடத்துல புதுசா வாங்கினவரு வந்து நிக்காரு, அவ்வளவுதான். உங்களையும் சேத்துத்தான் அவரு வாங்கியிருக்காரு. காலம் முடியுறதுக்குள்ள எழுப்பணும்னா சட்டத்துல சொல்லியிருக்க காரணம் வேணும், கோர்ட்டு உத்தரவு வேணும். பூட்டு மாத்துற அதிகாரம் ஓனருக்குக் கெடையாது."

என்னையும் சேர்த்துத்தான் வாங்கியிருக்கிறான்! கூட்டோடு விற்ற கோழி என்று மாசக்கணக்காக எரிந்துகொண்டிருந்தேன். அந்தக் கோழிக்குத்தான் கூட்டில் உரிமை என்று இவள் சொல்கிறாள். தெருவில் ஒரு ஆள் இதைச் சொல்லவில்லையே.

"ஆனா சாவி இடிக்குதுக்கா" என்றாள். "சாவியக் குடுத்தா இடத்தையே ஒப்படைச்சதுன்னு வாதாடுவாங்க. சாமானமும் நீங்கதான் எடுத்திருக்கீங்க. திரும்பி வாற எண்ணத்துலதான் போனீங்கன்னு எதையாவது காட்டணும்."

"மாதா படம் உள்ளதான் இருக்கு."

"படம்தான? எடுக்க மறந்துட்டாங்கன்னு சொல்லிருவாங்க."

எனக்கு வந்ததே கோபம். அவள் மேசையில் தட்டிவிட்டேன். "மறக்கதா? மாதாவையா? ஏம்மா, எங்கள்ல ஒருத்தி வீடு மாறுனான்னா மொதல்ல மாதாவக் கழட்டி நெஞ்சோட அணைச்சிக்கிட்டுத்தான் வாசல எறங்குவா. பொறவுதான் பானை, சட்டி, பிள்ள குட்டி எல்லாம். மாதா இருக்க எடத்துல நான் இருக்கேன்னு அர்த்தம். எங்க கரையில எந்தப் பிள்ளையக் கேட்டாலும் சொல்லும்!"

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"எங்க வீட்டுல விளக்கு" என்றாள். "மொதல்ல விளக்குதான் போகும்." பிறகு வேகமாக எழுதத் தொடங்கினாள்.

கோர்ட்டு ஒரு வக்கீலைக் கமிஷனராகப் போட்டது. இடத்தை நேரில் பார்த்து உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுப்பது அவர் வேலை. அவர் வந்த அன்று தெருவே கூடிவிட்டது. அவன் வெள்ளை வேட்டி சட்டையில் வந்து பூட்டைத் திறந்தான். பெயிண்ட் வாடைக்குக் கமிஷனர் தும்மிக்கொண்டே சுற்றிப் பார்த்தார். என் பேரில் ஓடுகிற மின்சார மீட்டரைப் பார்த்தார். பச்சைச் சதுரத்துக்கு எதிரே வந்து நின்றார்.

"இது யாரு மாட்டினது?"

"நாந்தான்" என்றான் அவன். "மந்திரிச்ச அன்னைக்கு மாட்டினேன்."

நான் பேசக்கூடாது என்று என் வக்கீல் ஆயிரம் தடவை சொல்லிக் கூட்டி வந்திருந்தாள். பேசிவிட்டேன்.

"வேய்! நீரு மாட்டினதுன்னா எங் கடை நீலக் கயிறு எப்படிவேய் அதுல கெடக்கு? சரி, அத விடும். மாதா மேல கைய வச்சிச் சொல்லும், இது ஒம்ம படம்னு. நான் காலி பண்ணிட்டுப் போனேன்னு கைய வச்சிச் சொல்லும். இப்பமே எறங்கிப் போயிருதேன். கேசும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்."

என் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டாள். அவன் படத்தைப் பார்த்தான். கை கொஞ்சம் அசைந்தது. பிறகு வேட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டது. "இதெல்லாம் எதுக்கு, சட்டப்படி பாத்துக்கிடுவோம்" என்றான். அவன் வாயிலிருந்து சட்டம் என்ற சொல் வந்தது அன்றைக்குத்தான்.

அவன் சத்தியம் செய்யாததெல்லாம் சாட்சி ஆகாது என்று பிற்பாடு வக்கீல் என்னைத் திட்டினாள். ஆகட்டும். படம், நீலக் கயிறு, பல்பு, சுற்றி அடித்த வெள்ளை, நடுவில் பழைய பச்சை என்று கமிஷனர் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து எழுதிக் கொடுத்தார். பெயிண்டரும் வந்து தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். சாமியார் வரவில்லை. ஒப்பந்தம் உயிரோடு இருக்கிறது, இவள் இடத்தை ஒப்படைத்துவிட்டுப் போகவில்லை, சாவியைத் திருப்பிக் கொடு என்று உத்தரவு ஆனது. கோர்ட்டு அமீனா கூட வந்து நின்று சாவியை என் கையில் வாங்கிக் கொடுத்தார். அதற்குள் தடைக்காலம் முடிந்து போட்டெல்லாம் கடலுக்குப் போய்விட்டது. அந்த வருஷத்து வியாபாரம் போனது போனதுதான். அதை எந்த உத்தரவும் திருப்பித் தரவில்லை.

ஜெயித்துவிட்டாய் என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்லே பிடிக்கவில்லை. என்னுடையதை எனக்குக் கொடுக்க ஒரு கோர்ட்டு வேண்டியிருந்தது. இதில் எங்கே இருக்கிறது ஜெயம்? கடை எனக்கு ஆயுசுக்கும் சொந்தம் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. காலம் முடிந்ததும் நீட்டிக்க மாட்டேன் என்று அவன் இப்போது வக்கீல் மூலமாக முறையாகச் சொல்லியிருக்கிறான். அது அவன் உரிமை. அன்றைக்கு நானே மாதாவைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முதலில் இறங்குவேன். இடம் தேடத் தொடங்கிவிட்டேன், இன்னும் அமையவில்லை. அதுவரை அங்கே இருப்பேன். கல்லா மேடையைத் திரும்பக் கட்டிவிட்டேன், பச்சைச் சதுரத்தில் மட்டும் வெள்ளை அடிக்கவில்லை.

இந்த வருஷம் ஈஸ்டர் முடிந்து சாமியார் தெருவை மந்திரிக்க வந்தார். வருஷா வருஷம் வருகிறதுதான். வீடு வீடாக, கடை கடையாக வந்தார். கட்டடத்துக்குச் சொந்தக்காரன் என்ற முறையில் அவனும் பின்னாலேயே வந்து என் வாசலுக்கு வெளியே நின்றான். தெருவே எட்டிப் பார்த்தது. வரக்கூடாது என்று நான் சொல்வேன் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள்போல. எனக்கு மாதாவோடு என்ன சண்டை? தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றேன்.

சாமியார் என் முகத்தைப் பார்க்கவில்லை. செம்பை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, பழக்கதோஷத்தில் மற்றக் கையை என் பக்கம் நீட்டினார்.

"சாவியத் தாம்மா."

சாவி என் கழுத்தில், செபமாலையோடு சேர்ந்து அதே நீலக் கயிற்றில் தொங்கியது. அதைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"கதவு தொறந்துதான் கெடக்கு, சாமி" என்றேன். "உள்ள வாங்க."